ஓர் ஆளுக்கு ஒரு துணை

(உலக எய்ட்ஸ் நாளையொட்டி, கொல்லிமலை குண்டூர் நாட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதை இந்த மலையில் பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அதைத் திரும்பச் சொல்ல நான் வரவில்லை. எச்.ஐ.வி. இருக்கிறது, கூடவே போதைப் பழக்கமும் இருக்கிறது என்று தெரிந்த ஒருவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு. அவருக்கு மருந்து இருக்கிறது. அதுவும் இலவசமாக இருக்கிறது. மருத்துவர் இருக்கிறார். அவரைக் காக்கச் சட்டமும் இருக்கிறது. இவற்றிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும், சேர்த்த பிறகு விட்டுவிடாமல் கூடவே நிற்கவும் சம்பளத்துக்கு ஓர் ஆள் மட்டும் இல்லை. அந்த ஆள் வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

நம் மலையில் போதை என்றால் முதலில் குடிதான். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் மலையிலேயே இருப்பதில்லை. திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் ஏறி மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் இருக்கிறார்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கும், கோழிப் பண்ணைக்கும், கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும் போகிறார்கள். கீழே சில ஆண்டுகளாக ஒரு பழக்கம் பரவியிருப்பதை நீங்களும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். டேப்பென்டடால் என்ற வலி மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். வாயில் போட்டு விழுங்குவதற்காகச் செய்த மாத்திரை அது. அதில் இருக்கும் மாவுப்பொருள் தண்ணீரில் முழுதாகக் கரையாது. நரம்பை அடைக்கும், கை சீழ் பிடிக்கும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக் குத்திக்கொள்ளும்போது எச்.ஐ.வி.யும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் சேர்ந்து ஏறும்.

இது எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு மணிப்பூரே சாட்சி. 1989இல் அங்கே ஹெராயின் ஊசி போட்டவர்களிடம் இந்தக் கிருமி தெரியவந்தது. ஓராண்டு முடிவதற்குள் பரிசோதித்தவர்களில் பாதிப் பேரிடம் இருந்தது. அது எங்கேயோ வடகிழக்கு என்று சொல்லிவிட முடியாது. சென்னையில் 2005இல் தொடங்கி, ஊசி போட்டுக்கொள்ளும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தார் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெபடைடிஸ் சி தொற்றிய அடையாளம் இருந்தது. இன்று நாடு முழுவதும் பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஊசிவழிப் போதையில் இருப்பவர்களிடையே 2021 கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஒன்பது.

இனி ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். இவர் ஒரே ஆள் இல்லை. பலர் பட்ட பாட்டை ஓர் ஆள்மேல் ஏற்றிச் சொல்கிறேன். யார் அது என்று தேட வேண்டாம்.

வயது 26. போர்வெல் லாரியில் போனவர். காய்ச்சல், இருமல், எடை குறைவு என்று ஊர் திரும்பினார். பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது. எச்.ஐ.வி. மருந்து தரும் நாமக்கல் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகச் சொன்னார்கள். மலைமேல் இருக்கும் செம்மேட்டிலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கியாக வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடிக்க விடிவதற்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பினார். கடைசியாக ஊசி போட்டது முந்தின நாள் மாலை. இந்த வகைப் போதை உடம்பை விட்டு இறங்கும்போது கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் உளையும், வயிறு போகும். வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பதினொன்றரை மணி. டோக்கன் இன்னும் வரவில்லை. எழுந்து வெளியே போகிறார். அவர் எங்கே போயிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். சீட்டில் ‘வரவில்லை’ என்று எழுதியாகிவிட்டது. சில மாதம் கழித்து அவர் ‘தொடர்பு விட்டுப்போனவர்’ பட்டியலில் சேர்ந்துவிடுவார்.

அவருக்கு அக்கறை இல்லை என்று நாம் சொல்கிறோம். விடிவதற்கு முன் கிளம்பி எழுபது வளைவு இறங்கிப் போனவருக்கா அக்கறை இல்லை? பதினொன்றரை மணிக்கு அவர் உடம்புக்குத் தேவைப்பட்டதைத் தர அங்கே யாரும் இல்லை என்பதுதான் நடந்தது.

அதைத் தரக்கூடிய மருந்து இருக்கிறது. புப்ரனார்ஃபின். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. ஹெராயினோ வலி மாத்திரையோ மூளையில் போய்ப் பிடிக்கும் அதே இடத்தை இதுவும் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் மயக்கம் ஏற்றாது. நடுக்கம் நிற்கும், உளைச்சல் அடங்கும், ஆள் வேலைக்குப் போவார். ஊசியைத் தேட வேண்டியிருக்காது. நம் நாட்டு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திலேயே இந்த மாற்று மருந்துச் சிகிச்சை 2007-08 முதல் இருக்கிறது. தினமும் மையத்துக்கு வந்து, செவிலியர் கண்முன்னால் கரைத்துக்கொள்ள வேண்டும் என்பது பொது விதி. கோவிட் ஊரடங்கின்போது, 2020இல், வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதித்தார்கள். மலையில் இருக்கும் ஒருவரை இந்த மருந்துக்காகத் தினமும் எழுபது வளைவு இறங்கி ஏறச் சொல்வது, வராதே என்று சொல்வதற்குச் சமம்.

அந்தத் தம்பி எத்தனை கதவு தட்ட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஏ.ஆர்.டி. மாத்திரைக்கு ஒரு மையம். மாற்று மருந்துக்கு வேறு மையம். அது பெரும்பாலும் வேறு ஊர். இருமலுக்குக் காசநோய்ப் பிரிவு. ஹெபடைடிஸ் சி-க்கு 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவச மருந்து உண்டு, மூன்று மாதத்தில் பெரும்பாலோருக்குக் குணமாகும். அதற்கு இன்னொரு அறை, இன்னொரு சீட்டு. போதை மறுவாழ்வு மையங்கள் சமூக நீதித் துறையின் கீழ் வருகின்றன. வழக்கு இருந்தால் காவல் நிலையமும் நீதிமன்றமும். ஒவ்வொரு கதவிலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு கதவிலும் ஒரு முகச்சுளிப்பு. கால் உடைந்தவனை நாலு வீட்டு மாடி ஏறி மருந்து வாங்கி வரச் சொல்வதுபோல இருக்கிறது இது.

இந்தக் கதவுகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மாத்திரையில் உள்ள டொலுடெக்ராவிரின் வலுவைக் குறைத்துவிடும். அதனால் டொலுடெக்ராவிரை மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை தர வேண்டும். அதே ரிஃபாம்பிசின் மாற்று மருந்தின் வலுவையும் குறைக்கும். அதன் அளவைக் கூட்டவில்லை என்றால் ஆள் நடுங்கிப்போய் மறுபடி ஊசிக்கு ஓடுவார். ஓடியதும் ‘திருந்தாத ஜென்மம்’ என்று பெயர் வைப்போம். காசநோய்ப் பிரிவுக்கும் மாற்று மருந்து மையத்துக்கும் நடுவில் யாரும் பேசிக்கொள்ளாததால் வந்த வினை அது. அந்தப் பேச்சை நடத்துவது யார் வேலை? இன்றைக்கு அது நோயாளியின் வேலையாக இருக்கிறது. அவரால் முடியாத ஒரே வேலை அதுதான்.

குடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் மலைக்கு அதுதான் அதிகம் பொருந்தும். ‘குடித்தால் மாத்திரை போடாதே, இரண்டும் சேர்ந்தால் விஷம்’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். கேட்பவர் என்ன செய்கிறார்? குடிக்கிற நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார். வாரத்தில் நாலு நாள் குடித்தால் நாலு நாள் மாத்திரை இல்லை. கிருமி தலைதூக்கும், மருந்துக்குப் பழகிப்போகும். இந்தச் சபையில் உரக்கச் சொல்கிறேன்: குடித்திருந்தாலும் எச்.ஐ.வி. மாத்திரையைப் போட்டே ஆக வேண்டும். இன்று தரப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரைக்கும் சாராயத்துக்கும் அப்படிப்பட்ட பகை இல்லை. குடி கல்லீரலைக் கெடுக்கும், குடும்பத்தைக் கெடுக்கும், அதற்குத் தனியாக மருத்துவம் பார்ப்போம். அதற்காக இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. குடித்த மறுநாள் வயிறு எரிகிறது என்று ஜெலுசில் குடிக்கிறீர்களே, அதைத்தான் மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. இரும்புச் சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடைவெளி வேண்டும். இதை மருந்து தருபவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். கேட்டவருக்கு நினைவிருக்கிறதா என்று பத்து நாள் கழித்து வீட்டுப் பக்கம் போய் விசாரிக்கத்தான் ஆள் இல்லை.

‘முதலில் போதையை நிறுத்து, பிறகு வா’ என்பதை நம் நாட்டில் எத்தனையோ மருத்துவமனை வாசலில் கேட்கலாம். அது தவறு. 2017 முதல் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தவுடன், உடம்பில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று பாராமல், மருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் இந்திய அரசின் கொள்கை. போதையில் இருப்பவருக்கு அது பொருந்தாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மருந்து ஒழுங்காகப் போய், இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. அவர் மனைவிக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அதுவே பாதுகாப்பு. அவர் திருந்தட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஊருக்குத்தான் நட்டம்.

நான் கேட்கிற அந்தத் துணையாளை அமெரிக்காவில் கேஸ் மேனேஜர் என்பார்கள். 1990இல் ரயன் வைட் என்ற சிறுவனின் பெயரால் அங்கே வந்த சட்டம் இந்த வேலைக்குப் பணம் ஒதுக்கியது. இந்த வேலைக்குப் பலன் உண்டா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். புதிதாக எச்.ஐ.வி. என்று தெரிந்தவர்களில் ஒரு பகுதியினருக்குச் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்; மற்றவர்களை ஒரு துணையாளர் மூன்று மாதத்துக்குள் அதிகபட்சம் ஐந்து முறை சந்தித்தார். ஆறு மாதத்துக்குள் மருத்துவரைப் பார்த்தவர்கள் முதல் குழுவில் நூற்றுக்கு 60, இரண்டாம் குழுவில் 78.

நமக்கு இன்னும் நெருக்கமான சோதனை உக்ரைன், இந்தோனேசியா, வியட்நாம் மூன்று நாடுகளில் நடந்தது. 2018இல் லான்செட் இதழில் வெளியானது. எல்லாரும் ஊசிவழிப் போதையில் இருந்தவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள். ஆய்வுக்காரர்கள் புதிய மருந்து எதையும் கொடுக்கவில்லை. அந்தந்த ஊரில் ஏற்கெனவே இருந்த மருத்துவமனைகளுக்குக் கூட்டிப்போய், தடங்கலைத் தீர்த்து, மனந்தளரும்போது பேசிப் பார்க்க ஆள் வைத்தார்கள். ஓராண்டில், கிருமி அடங்கியவர்கள் வழக்கமான முறையில் நூற்றுக்கு 24. ஆள் வைத்த குழுவில் 41. சாவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இப்படி ஒரு பலனை ஒரு புதிய மாத்திரை கொடுத்திருந்தால் உலகமே அதைப் பற்றிப் பேசியிருக்கும்.

நம் நாட்டிலும் 22 நகரங்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. பரிசோதனை, ஆலோசனை, மருந்து எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆனால் ஊர் முழுவதையும் வைத்துப் பார்த்தபோது, மையம் திறந்த நகரங்களுக்கும் திறக்காத நகரங்களுக்கும் உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. மையத்துக்குள் வந்தவர்களிடையே பலன் தெரிந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: கட்டடம் திறந்துவைத்தால் போதாது, உள்ளே வராதவரிடம் நாம்தான் போக வேண்டும்.

இது தமிழ்நாட்டுக்கோ நாமக்கல் மாவட்டத்துக்கோ புதிய பாடமும் அல்ல. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலாவும்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தார்கள். 1994இல் தமிழ்நாடு தனக்கென்று எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்தது. 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. மருந்து தொடங்கிய சில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. லாரித் தொழிலால் நம் மாவட்டம் அந்நாளில் பட்ட அடி பெரியது. அந்த அடியிலிருந்து எழுந்துவந்தவர் நாமக்கல் பக்கத்துப் பெண்ணான கௌசல்யா. லாரி ஓட்டிய கணவர் வழியாகத் தனக்கு வந்த நோயை மறைக்காமல், 1998இல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். ‘எனக்கும் இருக்கிறது, நான் உன்கூட வருகிறேன்’ என்று ஒருவர் சொல்லும்போது ஏற்படும் தைரியத்தை எந்தச் சுவரொட்டியும் தராது. நான் கேட்கும் துணையாளும் முடிந்தால் அப்படிப்பட்ட ஒருவராக இருக்க வேண்டும்: போதையிலிருந்து மீண்டவர், அல்லது எச்.ஐ.வி.யோடு வாழ்பவர், அல்லது இரண்டையும் வீட்டில் கண்ட ஒரு பெண்.

அவர் வேலை என்ன? முதல் நாள் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்காருவது. மையத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, இவரை முதலில் பாருங்கள் என்று கேட்டு வைப்பது. காசநோய் மருத்துவரிடம் மாற்று மருந்தைப் பற்றிச் சொல்வது. மருத்துவர் சொன்னதை நோயாளியிடம் தமிழில் சொல்வது. ஆதார், வங்கிக் கணக்கு, காப்பீட்டு அட்டை, சாதிச் சான்று என்று நூறு காகிதங்கள் உண்டு. அவற்றுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நிற்பது. மாத்திரை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே போன் செய்வது. போன் எடுக்காவிட்டால் தேடிப் போவது. போர்வெல் லாரி ஒடிசாவுக்குப் போய்விட்டது என்றால், அங்கே எந்த மையத்தில் மருந்து வாங்கலாம் என்று கேட்டுச் சொல்வது. மறுபடி ஊசி போட்டுவிட்டேன் என்று அவர் வந்து சொன்னால் முகம் மாறாமல் இருப்பது. இந்தக் கடைசி வேலைதான் கடினம். அதற்குப் பயிற்சி வேண்டும்.

சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வரும் நாளில் இந்த ஆள் வாசலில் நிற்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்கிறேன். உள்ளே இருந்த மாதங்களில் உடம்பு போதையைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். வெளியே வந்து பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். வெளியே வந்த முதல் சில வாரங்களில் சாவு அதிகம். ‘திருந்தி வந்துவிட்டான்’ என்று வீட்டில் விருந்து வைக்கும் அந்த வாரம்தான் ஆபத்தான வாரம். உள்ளே இருந்தபோது ஏ.ஆர்.டி. மாத்திரை தொடர்ந்ததா என்பதையும் யாராவது கேட்டாக வேண்டும்.

ஒருவர் தலையில் ஐம்பது, அறுபது பேரைக் கட்டிவிடக் கூடாது. கட்டினால் அது பதிவேடு நிரப்பும் வேலையாகிவிடும். மலைக்கு அது இன்னும் பொருந்தாது. ஒரு வீட்டுக்கு நடந்து போய் வரவே அரை நாள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் வந்தது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. அதேபோல எச்.ஐ.வி. மாத்திரையும் வரட்டுமே என்று கேட்பீர்கள். நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் முப்பது நாற்பது வீடுகள் உள்ள ஊரில் யார் வீட்டுக்கு யார் எதற்கு வந்தார் என்பது மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் எங்கே, யாரிடம், எந்த நாளில் மாத்திரை வாங்குவது என்பதை நோயாளியே சொல்ல வேண்டும். சிலருக்கு வீடு, சிலருக்குச் செம்மேட்டு மருத்துவமனை, சிலருக்குச் சந்தைக்குப் போகிற வழி. 2017இல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் நோய்நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. வேலையில், பள்ளியில், மருத்துவமனையில் ஒதுக்குவதையும் தடுக்கிறது. அதன் 22ஆம் பிரிவு, நோய்ப் பரவலைக் குறைக்க ஊசி, ஆணுறை, மாற்று மருந்து கொடுப்பவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவும், தானாகச் சிகிச்சைக்கு வரும் பழக்கத்தவருக்கு வழக்கிலிருந்து விலக்குக் கேட்க வழி வைத்திருக்கிறது. காவல் துறை நண்பர்கள் யாரேனும் இங்கே இருந்தால் இந்த இரண்டு பிரிவுகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தாய்மார்களே, இவர்களைச் சுமப்பது பெரும்பாலும் நீங்கள்தான். மகனுக்கு மாத்திரை எடுத்து வைக்கிறீர்கள், கணவனைத் தேடிப் போகிறீர்கள். உங்கள் சொந்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடுகிறீர்கள். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மனைவிக்குப் பரிசோதனை, அவளுக்குத் தனிச் சீட்டு, அவளிடம் தனியாகப் பேச ஒரு பெண் துணையாள், இவை சேர்ந்துதான் நான் சொல்லும் வேலை. பெண்களிடமும் போதைப் பழக்கம் உண்டு; ஆண்களைவிட ஆழமாக மறைக்கிறார்கள் என்பதால் அது நம் கணக்கில் வருவதில்லை.

தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097. போதை மீட்பு உதவி எண் 14446. இரண்டும் கட்டணமில்லாதவை, பெயர் சொல்லாமலே பேசலாம். வாசலில் நிற்கும் தம்பிகளே, எண்ணைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், உங்களுக்காக இல்லாவிட்டாலும் உடன் வேலை செய்பவருக்காக.

ஊருக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26 கிராம சபையில் யார் பெயரையும் சொல்லாமல் ஒரு தீர்மானம் வையுங்கள். கொல்லிமலைக்கென்று எச்.ஐ.வி., போதை இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இரண்டு துணையாளர்கள், ஒருவர் பெண்ணாக, மாதச் சம்பளத்தோடும் பஸ் செலவோடும் வேண்டும். புப்ரனார்ஃபின் மாத்திரையும் ஏ.ஆர்.டி. மாத்திரையும் செம்மேட்டிலேயே, ஒரே நாளில், ஒரே அறையில் கிடைக்க வேண்டும். குண்டூர் நாடு மட்டும் கேட்டால் ஒரு மனு. மலையின் பதினான்கு நாடும் கேட்டால் மாவட்ட ஆட்சியர் பதில் சொல்லியே ஆக வேண்டும். மற்ற நாட்டுப் பெரியவர்களிடம் இந்த மாதமே பேசத் தொடங்குங்கள்.